சார்ஜரை விட்டுப் போன திருடன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது தஹ்ஸீனுக்குப் பிடித்தமான காரியம். பின்னால் டெல்பின் மேடத்தை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் பிடிக்காது. வேகம் முப்பதைத் தாண்டினால் அவர் ஜெபமாலையை வெளியே எடுத்துவிடுவார். பக்கத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் தஹ்ஸீனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

"என்ன கேஸ் மேடம்? கொலையா?"

"பாட்டுக் கேக்கிற பிளேயர் ஒண்ணு காணாமப் போச்சு."

தஹ்ஸீன் வண்டியை அப்படியே திருப்பிவிடலாமா என்று யோசித்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது டெல்பின் துப்பறியும் நிலையம். அதில் ஆறு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளைக்குச் சொன்ன வேலை இருக்கிறதா, சொன்ன முடி இருக்கிறதா என்று விசாரிக்கிற கேஸ்தான். ஒரு நல்ல கொலைக்காக அவன் காத்திருந்தான். மனசில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வேலையில் கொஞ்சம் சலிப்பு, அவ்வளவுதான். ஆண்டவன் அதை மன்னித்துவிடுவான்.

"தீப்பெட்டி அளவு பிளேயருக்கா பூசை முடிஞ்சதும் முடியாததுமா ஓடி வரோம்?"

"பிளேயருக்கு இல்ல தம்பி. அம்மாசின்னு ஒரு அம்மா. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில அஞ்சு வீட்டுல பதினோரு வருஷமா வேலை செய்றாங்க. அவங்கதான் எடுத்துட்டாங்கன்னு வெள்ளிக்கிழமை பேச்சு கிளம்பிச்சு. சனிக்கிழமை காலையில அஞ்சு வீட்டுலயும் இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்."

தஹ்ஸீன் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். வேகம் முப்பத்தைந்துக்குப் போனது. டெல்பின் ஜெபமாலையை எடுக்கவில்லை.

போன் செய்து அழைத்திருந்த அம்ருதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கோ மேடம். மொதல்ல அவ பேரை எடுத்தவளே நான்தான். ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன். அடுத்தாத்து மாமி காதுல விழுந்துடுத்து. அதுலேர்ந்து எனக்கு ஒரு வாய் சாதம் இறங்கலை. அவ எடுத்திருந்தா எடுத்தான்னு சொல்லுங்கோ. எடுக்கலேன்னா அதையும் சொல்லிடுங்கோ."

உள்ளே அவள் கணவன் ஹ்ருஷிகேஷ் ஒரு மேஜைக்குப் பக்கத்தில் இழவு வீட்டு முகத்தோடு நின்றிருந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவன். ஆனால் அவனைப் பற்றிக் கேட்டால் ஊரில் யாரும் வேலையைச் சொல்ல மாட்டார்கள்; 'சபை'யைத்தான் சொல்வார்கள். திருச்சியில் உயர்ந்த ரக ஒலிக் கருவிகளைப் பூசிக்கிற பதினோரு பேர் சேர்ந்து 'செவிச்செல்வர் சபை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் ஹ்ருஷிகேஷ். சபையின் வாட்ஸப் குழுவில் யாரும் பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். வயரைப் பற்றிப் பேசுவார்கள்.

மேஜையின் மேல் தேக்குத் தாங்கி. தாங்கியின் மேல் பட்டுத் துணி. பட்டுத் துணியின் மேல் ஒரு பெரிய கறுப்பு ஹெட்போன்.

"ஸ்டுடியோவுல ரெக்கார்டிங் பண்றவா உபயோகிக்கறது. ஜெர்மனிலேர்ந்து வரவழைச்சேன்" என்றான் ஹ்ருஷிகேஷ். "இதை பிளேயர்ல சொருகிக் கேட்டா, வீணையைத் தொடற விரலோட ரேகைகூடக் காதுல தெரியும். நான் குரூப்ல எழுதியிருக்கேன்."

"ஆதார் ஆபீஸ்ல சொன்னா சந்தோஷப்படுவாங்க சார்" என்றான் தஹ்ஸீன்.

டெல்பின் அவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

"அப்போ திருடன் பெருசை விட்டுட்டுச் சின்னதை எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார் டெல்பின்.

"அம்மாசிக்கு இதோட மதிப்பு என்ன தெரியும்?"

"சரிதான். இது என்ன சார், இந்த ஹெட்போனோட பின் இவ்வளவு தடியா இருக்கு? சின்ன பிளேயர்ல எப்படி நுழையும்?"

"அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் உண்டு. சுண்டுவிரல் அளவு இருக்கும். தடிப் பின்னை அதுல சொருகி, அதை பிளேயர்ல சொருகணும்."

"அது எங்கே?"

"அதையும்தான் காணோம்."

டெல்பின் குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தார். சுவர்ப் பிளக்கில் ஒரு சார்ஜர் மாட்டியிருந்தது. அதன் வயர் மேஜை விளிம்பில் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது?"

"பிளேயரோட சார்ஜர். அது வேற மாதிரிப் பின். வேற எதுக்கும் சேராது."

டெல்பின் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வலது கை மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தது. ஆறு வருடப் பழக்கத்தில் தஹ்ஸீனுக்கு அது தெரியும். மேடம் எதையோ பிடித்துவிட்டார்.

அடுத்து அவர் ஹெட்போனைக் கையில் எடுத்தார். ஹ்ருஷிகேஷின் உயிர் பாதி போய்த் திரும்பி வந்தது. காதை மூடுகிற வட்டத்தின் வெளிப்புறம் முழுவதும் சல்லடையாக இருந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சல்லடை வழியே வெளிச்சம் உள்ளே வந்தது.

"காத்தோட்டமா இருக்கே சார்."

"திறந்த அமைப்பு மேடம். சத்தம் ரெண்டு பக்கமும் போகும். அப்போதான் இயற்கையா கேக்கும்."

"அம்ருதாம்மா, இவர் பாட்டுக் கேக்கிறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"இதே கூடத்துலதான். ஸ்லோகப் புஸ்தகம் வாசிச்சிண்டு இருப்பேன்."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

"துளிக்கூட இல்லை. போன வருஷம் ஒரு ஹெட்போன் வெச்சிருந்தார், ஆத்துல கூடம் முழுக்க ஜிங்கு ஜிங்குன்னு கேக்கும். இது வந்து மூணு வாரமாச்சு, சத்தமே வெளியில வரது இல்லை. நான்கூட நல்ல சாமான்னு நெனச்சேன்."

"சார், நீங்க எவ்வளவு சத்தம் வச்சுக் கேப்பீங்க?"

"நூறுக்கு நூறு" என்றான் ஹ்ருஷிகேஷ் பெருமையாக. பிறகு என்ன காரணமோ, அந்தப் பெருமை முகத்திலிருந்து சட்டென்று இறங்கிவிட்டது.

"இந்த ஹெட்போனை சாயங்காலம் வரைக்கும் கடனாக் குடுங்க."

"அய்யோ, அதெல்லாம்..."

அதற்குள் அம்ருதா அதைப் பட்டுத் துணியோடு ஒரு மஞ்சப்பைக்குள் போட்டு டெல்பினிடம் கொடுத்துவிட்டாள். ஜெர்மனி ஹெட்போன் ஒரு திருமண மஞ்சப்பைக்குள் போனதை ஹ்ருஷிகேஷ் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டியைக் கிளப்பும்போது தஹ்ஸீன் கேட்டான். "மேடம், என்ன பிடிச்சீங்க? எனக்கும் கொஞ்சம் குடுங்க."

"நீ ரெண்டு நாள் மதுரைக்குப் போறே. போன் சார்ஜரை எடுத்துட்டுப் போவியா?"

"போவேன்."

"காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பறே. எடுப்பியா?"

"மாட்டேன்."

"வேற எதுக்கும் சேராத சார்ஜரை விட்டுட்டுப் போயிருக்கான். திருடி வச்சுக்கிறவனா இருந்தாலும் சரி, விக்கிறவனா இருந்தாலும் சரி, அதை எடுத்திருப்பான். இவன் அன்னைக்கே திருப்பிக் கொண்டு வர நினைச்சவன். ஆனா தடிப் பின்னுக்கு மட்டுமே உதவுற கன்வெர்ட்டரை ஞாபகமா எடுத்துட்டுப் போயிருக்கான். எதுக்கு? இன்னொரு தடிப் பின் இருக்கிற இடத்துக்குப் போயிருக்கான்."

தஹ்ஸீன் கிளப்பிய வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"நூறுக்கு நூறு வச்சும் அந்தச் சல்லடை வழியா சத்தம் வெளியில வரலையே, அப்போ ஏதோ ரிப்பேர். திருச்சியில தடிப் பின் சாமான் ரிப்பேர் பாக்கிறது யாரு?"

"பரக்கத் அலி பாய். வேற யாரு?"

மலைக்கோட்டைக் கடைவீதியில் வண்டி போகாது. ஜவுளி மூட்டைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே நடந்து, ஒரு சந்துக்குள் திரும்பினால் பரக்கத் அலியின் கடை. ஆம்ப்ளிஃபயர், மைக், நாடகக் கம்பெனி ஸ்பீக்கர் எல்லாம் வயிற்றைத் திறந்தபடி கிடந்தன. நடுவில் அறுபது வயது பரக்கத் அலி, வெள்ளைத் தொப்பியோடு, கையில் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்."

"வ அலைக்கும் ஸலாம். வாங்க மேடம், உக்காருங்க. அந்த ஸ்பீக்கர் மேலயே உக்காரலாம், அது கல்யாண வீட்டுது, எல்லாம் தாங்கும்."

டெல்பின் மஞ்சப்பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். பரக்கத் அலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஓஹோ. முசிறி பிச்சமுத்துவோட ஹெட்போனா?"

"எந்தப் பிச்சமுத்து?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாரு. நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பற நேரம். முகத்துல மாஸ்க், தலையில தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. கொள்ளைக் கூட்டம்னு நினைச்சேன். 'பேரு பிச்சமுத்து, முசிறி, வாழைத் தோப்பு இருக்கு'ன்னாரு. ஒரு சின்ன பிளேயரையும் கன்வெர்ட்டரையும் குடுத்தாரு. வீட்டுல இந்த மாடல் ஹெட்போன் இருக்கு, சத்தம் வர மாட்டேங்குது, பிளேயர்ல கோளாறான்னு பாருங்கன்னாரு."

"கோளாறா பாய்?"

"பிளேயர் தங்கம். ஹெட்போன் வைரம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது, அவ்வளவுதான். இது ஸ்டுடியோவுல பெரிய மிஷினோட வேலை செய்யப் பொறந்தது. இதை ஓட்ட சக்தி வேணும். அரை எச்.பி. மோட்டாரைப் போட்டு அஞ்சாவது மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தினா என்னாகும்? மோட்டார் ஓடும். தொட்டியில சொட்டுச் சொட்டா விழும். நடுவுல ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் வச்சா சரியாப் போயிடும். நேத்தே செஞ்சு வச்சுட்டேன், பாருங்க." மருந்து டப்பா அளவில் ஒரு பெட்டியைக் காட்டினார். அதன் பக்கத்தில் பிளேயரும், சுண்டுவிரல் கன்வெர்ட்டரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. "ஆளு வரவே இல்ல. குடுத்த நம்பர்ல ஒரு நம்பர் குறையுது."

"முசிறியில போய்த் தேடணுமா மேடம்?" என்றான் தஹ்ஸீன்.

"வேண்டாம் தம்பி" என்றார் பரக்கத் அலி. "ஸ்ரீரங்கத்துல தேடுங்க. கடையில இருக்கிற தடிப் பின் ஹெட்போனைக் குடுத்து, கேட்டுப் பாருங்கன்னேன். தொப்பி மேல ஹெட்போன் நிக்குமா? கழட்டினாரு. நெத்தி நிறைய திருமண் நாமம். காலையில கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வந்திருக்காரு, மறந்துட்டாரு. கேட்டுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'நடு ஸ்தாயியில தெளிவு போதலை'ன்னாரு. முசிறியில எந்த வாழைத் தோப்புல அப்படிப் பேசறாங்க?"

தஹ்ஸீன் ஸ்பீக்கர் மேலிருந்து விழாத குறையாகச் சிரித்தான்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா பாய்?"

"மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டு வேஷம் போட்டு வந்திருக்காரு. நானும் பிச்சமுத்துன்னே கூப்பிட்டேன். கூச்சப்படற ஆளை மேல கூச்சப்படுத்தறதுல நமக்கு என்ன கிடைக்கப் போகுது?"

டெல்பின் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சிரிக்கவில்லை.

"நீங்க செஞ்சது நல்ல காரியம் பாய். ஆனா அவர் கூச்சத்துக்கு இப்போ வேற ஒருத்தங்க விலை குடுத்துட்டு இருக்காங்க."

போகிற வழியில், காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் டெல்பின் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே போய், ஐந்து நிமிடத்தில் ஒரு அம்மாவோடு வெளியே வந்தார். நீலப் புடவை, சிவந்த கண், இறுக்கிக் கட்டிய கொண்டை. அம்மாசி. அவரை ஆட்டோவில் ஏற்றி, உத்திர வீதிக்கு வரச் சொல்லிவிட்டு டெல்பின் முன்னால் வந்தார்.

மணி நாலாக ஐந்து நிமிடம். சபைக்காரர்கள் ஆறு பேர் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டு, போலீஸ் மனுவில் பிளேயரின் மாடல் நம்பரை எப்படி எழுதுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டெல்பின் ஹ்ருஷிகேஷைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய், கிணற்றுச் சுவரின் மேல் மஞ்சப்பையை வைத்தார்.

"பிச்சமுத்து சார், உங்க சாமான்."

ஹ்ருஷிகேஷ் கிணற்றைப் பார்த்தான். குதிப்பதற்கு அதில் தண்ணீர் போதாது.

"மேடம்..." குரல் சபையில் பேசுகிற குரலாக இல்லை. "மூணு வாரமா குரூப்ல ஆஹா ஓஹோன்னு எழுதிட்டேன். இன்னிக்கு எல்லாரும் கேக்க வராளேன்னுதான் ரகசியமா அங்க போனேன். ரிப்பேர் கடைக்கெல்லாம் போகப்படாதுன்னு குரூப்ல ரூல் போட்டவனே நான். மத்யானம் ஆத்துக்கு வந்தா அம்ருதா, 'பிளேயர் எங்கே'ன்னா. 'தெரியலையே'ன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அதுக்குள்ள அம்மாசி பேரு வந்துடுத்து. அதுக்கப்புறம் எப்படித் திருப்பிக் கொண்டு வரது?"

"அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க ரெண்டு நாள் இருந்துச்சே சார்."

அவன் கிணற்றுச் சுவரில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான். "பீரோ அடியில கெடந்ததுன்னு சொல்லிடலாமா? அவளும் தப்பிச்சுடுவா, நானும் தப்பிச்சுடுவேன்" என்றான்.

தஹ்ஸீனுக்குப் பொறுக்கவில்லை. "பிரமாதம் சார். அதுலயும் நடு ஸ்தாயியில தெளிவு போதலை."

"பீரோவுக்கு அடியில கிடந்துச்சுன்னா" என்றார் டெல்பின் மெதுவாக, "போலீஸ்னதும் பயந்து திருப்பி வச்சுட்டாங்கன்னு தெரு பேசும். சாகிற வரைக்கும் பேசும். நான் உள்ள போய்ச் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு வேலை திரும்பும். ஜெபமாலையில ஒரு பத்து மணி சொல்லி முடிக்கிறேன். அதுக்குள்ள யோசிங்க."

அவர் உண்மையிலேயே கிணற்றடியில் நின்று ஜெபம் சொன்னார். தஹ்ஸீன் மணிகளை எண்ணினான். ஏழாவது மணியில் ஹ்ருஷிகேஷ் பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

கூடத்தில் அம்மாசி வாசல்படி ஓரமாக நின்றிருந்தார். சபைக்காரர்கள் காப்பி டம்ளர்களைத் தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

"பிளேயர் திருடு போகலை" என்றான் ஹ்ருஷிகேஷ். "நான்தான் எடுத்துண்டு போனேன். ரிப்பேருக்கு. இந்த ஹெட்போன்ல சத்தமே வரலை. மூணு வாரமா நான் எழுதினதெல்லாம் பொய். அம்மாசி எடுக்கலை. தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை."

அம்ருதா தூணைப் பிடித்துக்கொண்டாள். சபையில் ஒருவர், "அப்போ அந்த விரல் ரேகை?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார்.

"எனக்குத் தெரியுங்க" என்றார் அம்மாசி.

எல்லாரும் திரும்பினார்கள். டெல்பின்கூடத் திரும்பினார். தஹ்ஸீன் அவர் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கிழமை காலையில ஐயா அதைத் துண்டுல சுத்திப் பையில வச்சாரு. நான் கூடம் பெருக்கிட்டு இருந்தேன். பாத்தேன்."

"ஏன்டி சொல்லலை?" அம்ருதாவின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"மொத நாளு, ஐயாவே சொல்லிடுவாருன்னு இருந்தேம்மா. பாவம், யாரும் இல்லாதப்போ அதை மாட்டிக்கிட்டு, திருகிட்டே கெடப்பாரு. தூசி தட்டறப்போ நானும் ஒரு நாள் காதுல வச்சுப் பாத்தேன். கொசு அழுவுற மாதிரி இருந்துச்சு. இத்தனை பேருக்கு முன்னாடி அதைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? ரெண்டாம் நாளு சொல்லலாம்னு வந்தேன். கேட்டையே தொறக்கலியே நீங்க. தொறந்திருந்தாலும், எடுத்ததும் இல்லாம ஐயா மேலயே பழி போடறா பாருன்னுதானே சொல்லியிருப்பீங்க?"

அம்ருதா போய் அம்மாசியின் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு வருவியா?"

"யோசிச்சுச் சொல்றேங்க. உங்க வீடு ஒண்ணு. இன்னும் நாலு வீடு இருக்கு. ஐயா அங்கயும் ஒரு நடை போயிட்டு வரட்டும்."

ஹ்ருஷிகேஷ் செருப்பை மாட்டிக்கொண்டான். எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். முதல் வீட்டில் முணுமுணுத்தான். அந்த வீட்டு மாமி வாயில் கை வைத்துக்கொண்டாள். இரண்டாவது வீட்டில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு ஓடி வந்தான். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர் ஸ்ரீனிவாசராகவன், ரிட்டயர்ட் தாசில்தார், தொண்ணூறு வயது. காது மிஷினை வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ன சொல்றாய்? உரக்கச் சொல்லேன்!"

ஹ்ருஷிகேஷ் மறுபடி சொன்னான்.

"கேக்கலைப்பா! இன்னும் உரக்க!"

உத்திர வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஜன்னல்கள் திறந்தன. சைக்கிளில் பூ விற்கிறவர் காலை ஊன்றி நின்றார். ஹ்ருஷிகேஷ் ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்த்தான். ராஜகோபுரம் தெரிந்ததோ என்னவோ. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"நான்தான் எடுத்தேன் மாமா! அம்மாசி எடுக்கலை! நான் பொய் சொன்னேன்!"

தெரு முழுக்க எதிரொலித்தது. நாலாவது வீட்டுக்கு இனிமேல் போகவே வேண்டாம். அந்த வீட்டு அம்மா ஏற்கெனவே வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாசியைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தஹ்ஸீன் மெதுவாகக் கேட்டான். "என்னம்மா, சத்தம் போதுமா?"

அம்மாசி இரண்டு நாளாகத் தோளில் போட்டிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்பதாங்க நல்லாக் கேக்குது" என்றார்.